அண்ணனுக்கு, அந்தப் பாயிண்ட்ஸ் பற்றி

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் திவசம். நீங்கள் வரப்போவதில்லை என்று சித்தப்பா சொன்னார். போன வருடம் ஜூன் கடைசியிலிருந்து நான் உங்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஒரு டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் ஊரே பார்க்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். அண்ணியோ மாமா மகனோ யாராவது உங்களிடம் காட்டுவார்கள். காட்டாவிட்டாலும் எழுதிவிடுவது என்று இந்தக் கிழமை முடிவு செய்துவிட்டேன்.

பதினாறாம் நாள் பந்தலில் நீங்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்களுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "அம்மாவோட பாயிண்ட்ஸ்" என்றீர்கள். டோஹாவில் வேலை செய்கிற நீங்கள் விமானத்தில் பறந்து பறந்து அம்மாவின் டிக்கெட்டுக்கென்று சேர்த்த பாயிண்ட்ஸில், நானும் உங்கள் மச்சானும் ஜப்பானுக்குப் போய் வந்ததைத்தான் சொன்னீர்கள்.

ஆமாம், அது அம்மாவுடையதுதான். நான் என்றைக்கும் மறுக்கவில்லை. பதின்மூன்று வருடம் நீங்கள் ஊருக்கு வந்து போனது, கம்பெனி உங்களை மஸ்கட்டுக்கும் ஜித்தாவுக்கும் சைட் வேலைக்கு அனுப்பியது, அந்த வங்கி அட்டையில் நீங்கள் அரிசியும் சோப்பும் வாங்கியது எல்லாம் சேர்ந்துதான் அது ஏறியது. வெள்ளிக்கிழமை போனில் முதல் கேள்வியே அம்மாவுக்கு அதுதானே, "எத்தனை ஆச்சு?" என்று. தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் தன் பேர் விழுந்ததா என்று பார்ப்பது போலத்தான் அம்மா அதைக் கேட்டாள். முப்பத்தொரு வருடம் தேயிலை மலையில் கொழுந்து எடுத்து நின்ற மனுஷிக்கு ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்கிற கணக்கு நன்றாகத் தெரியும். மகன் பறக்கிற ஒவ்வொரு தடவையும் தனக்கு ஒரு பேர் விழுகிறது என்று நம்பினாள்.

இந்தியாவில் நீலகிரிப் பக்கம் இருக்கிற கோத்தகிரிக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு முழுவதும். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப் போன ரயிலில், அந்த அழுகைக் கோச்சியில், ஏறிப் போன பெரியம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நீங்கள் 2018ல் லீவில் வந்து, பத்தரமுல்லைக்கு அழைத்துப் போய் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தீர்கள். திரும்பி வரும்போது வேனில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, "2003லதான் எங்கள எல்லாம் இந்த நாட்டுக்காரங்கன்னு முழுசா ஒத்துக்கிட்டாங்க, இப்ப புத்தகமே குடுத்துட்டாங்க" என்றாளே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் கொரோனா வந்தது. 2021ல் பெரியம்மா போய்விட்டாள். அன்றைக்கே அம்மா பாஸ்போர்ட்டை உடுப்புப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். நீங்கள் எத்தனை தடவை கேட்டும் ஒரே பதில்தான், "இனி அங்க போய் யாரப் பார்க்க?"

2023 டிசம்பரில் நீங்கள் எழுதிய மெசேஜை நான் அழிக்கவில்லை. "காலாவதியாகப் போகுது. அம்மா வரமாட்டான்னா நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க." இருபது தடவை படித்திருப்பேன். இதில் கோபம் இருக்கிறதா, பாசம் இருக்கிறதா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு என்றால் அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் எழுதியது நீங்கள்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பதினொரு வருடம். கதிர்காமத்தைத் தவிர இரண்டு பேருமாக நாங்கள் போனது கண்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான். எத்தனை தடவை, எதற்கு என்று இங்கே எழுத முடியாது. அந்த வருடம் கடைசித் தடவையும் சரிவராமல் வீட்டுக்கு வந்தபிறகு, உங்கள் மச்சான் ஸ்டோருக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். பேச்சு இல்லை. நானும் தையல் மெஷினை விட்டு எழும்புவதில்லை. நீங்கள் போனில் "எல்லாம் ஓகேவா" என்பீர்கள். ஓகே என்பேன். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "போயிட்டு வாங்க" என்று சொன்னதும் அம்மாதான்.

ஜப்பானைச் சொன்னதும் அம்மாதான், இதை நீங்கள் நம்பவில்லை. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை கட்டின காலத்தில் மஞ்சள் தொப்பியோடு வந்த ஜப்பான்காரர்களைத் தவிர அம்மாவுக்கு வெளிநாடு என்று வேறு எதுவும் தெரியாது. 2012ல் கரண்ட் எடுக்கத் தொடங்கியபிறகு சென் கிளேயர் அருவி மெலிந்து போனதைப் பார்க்கும்போதெல்லாம் திட்டுவாள். ஆனால் அந்த மனிதர்கள் குனிந்து வணக்கம் சொன்னதையும் சொல்வாள். "எங்கயோ போறதுக்கு, நம்ம அருவிய குழாய்க்குள்ள போட்டவங்க ஊர பார்த்துட்டு வாங்க" என்றாள்.

ஓசியில் போனோம் என்று சொன்னவர்களுக்கு (நீங்கள் இல்லை, யார் என்று உங்களுக்குத் தெரியும்) ஒன்று சொல்கிறேன். 2022ல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனபிறகு, டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் வரை இரண்டு டிக்கெட் எங்களால் காசு கொடுத்து வாங்கவே முடியாது. பாயிண்ட் மட்டும்தான் ரூபாயோடு சேர்ந்து விழவில்லை. ஆனாலும் டிக்கெட்டுக்குத்தான் பாயிண்ட், வரியைக் காசாகக் கட்ட வேண்டும். என் இரண்டு வளையலும் ஹட்டனில் அடகுக்குப் போனது. ஒன்று இன்னும் அங்கேதான். பாயிண்டுக்கு ஒதுக்குகிற சீட்டும் விமானத்துக்குச் சிலதுதான், ஒரே நாளில் இரண்டு கிடைக்க வேண்டும் என்று நீங்களே மூன்று கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி ஆப்பில் தேடினீர்கள். மே மாதத்தில் இரண்டு விழுந்தது என்று அழைத்துச் சொன்னபோது உங்கள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தையும் நான் கற்பனை பண்ணிக்கொண்டேனா?

சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

மே 8ஆம் தேதி காலையில் நாங்கள் மக்கினொஹாரா என்ற தேயிலை மேட்டில் இருந்தோம். ஷிசுவோகா வரை அந்த வேகக் கோச்சியில் போய், அங்கிருந்து உள்ளூர் கோச்சியில் கனாயா என்ற ஸ்டேஷனில் இறங்கி, மேலே ஏற வேண்டும். டோக்கியோவிலிருந்து ஷிசுவோகா சுமார் 180 கிலோமீட்டர், ஹட்டனிலிருந்து கொழும்புக் கோட்டைக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். அங்கே ஒரு மணி நேரத்தில் போய்விட்டோம். உங்கள் மச்சான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மேலே ஏறியதும் தேயிலை. ஆனால் நம் தேயிலை மாதிரி இல்லை அண்ணே. தூர் தனியாகத் தெரியவே தெரியாது. வரிசை வரிசையாகச் சேர்த்துச் சீவி, பெரிய பச்சைக் கம்பளிப்பூச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடப்பது போல முதுகு வளைந்து கிடக்கிறது. நடுநடுவே கம்பம், கம்பத்து உச்சியில் காத்தாடி. முதல் கொழுந்து வெட்டுகிற காலம். மெய்ஜி பேரரசர் தரப்பிடம் தோற்ற சாமுராய்மார் (பழைய போர்வீரர்கள்) மேட்டைத் திருத்தித் தேயிலை வைத்தது 1869ல் என்று அங்கே எழுதியிருந்தது. நம் ஆட்கள் கண்டிச் சீமைக்குக் கோப்பி மலை வெட்ட வந்ததற்கும் பின்னால்தான்.

ஒரு வயதான கணவன் மனைவி வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அந்த அம்மா. நடுவில் இருவரும் பிடித்திருக்கிற ஒரு மெஷின். வளைந்த பிளேட், ஒரு சின்ன எஞ்சின். வெட்டுப்படுகிற கொழுந்தைக் காற்று தள்ளி, பின்னால் பாம்பு மாதிரி இழுபட்டு வருகிற நீளப் பைக்குள் விடுகிறது. ஒருவர் அரை அடி முந்தினாலும் பிளேட் சாய்ந்துவிடும். அதனால் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

அம்மாவுக்கு வீடியோ எடுத்தேன். அங்கே பத்தரை, நமக்கு ஏழு. பக்கத்துக் காம்பரா அக்கா போனைப் பிடித்திருந்தாள். அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்கிட்ட உட்கார்ந்திருந்தாள். முதலில் காத்தாடியைப் பார்த்து, "ஆளுங்களுக்கு வேர்க்கும்னு போட்டிருக்காங்களா?" என்றாள். பனியில் கொழுந்து கருகாமல் இருக்க, மேலே நிற்கிற சூட்டுக் காற்றைக் கீழே தள்ளுவதற்கு என்று உங்கள் மச்சான் விளக்கினார். "அப்ப கொழுந்துக்குக் காத்தாடி" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நுவரெலியாப் பக்கம் தை மாதப் பனியில் மலை கருகினால் பேர் குறையும் என்பதுதானே நமக்குத் தெரிந்தது.

அப்புறம் பையைப் பார்த்தாள். "இப்படிச் செரச்சா முத்தலும் சேர்ந்து வருமே, நிறுவையில கழிக்க மாட்டாங்களா?" நான் சிரித்துவிட்டேன். அந்த ஜப்பான் அம்மா எஞ்சினை நிறுத்தச் சொல்லி எங்களிடம் வந்தார். போனில் மொழிபெயர்த்துச் சொன்னேன், என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர், இலங்கையில் என்று. உடனே கைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்துக் குனிந்து வணக்கம் சொன்னார். அம்மா இருந்த இடத்திலேயே கை கூப்பினாள். அப்புறம் "அந்தம்மா கையக் காட்டச் சொல்லு" என்றாள்.

காட்டினார். உள்ளங்கை தடித்துத்தான் இருந்தது, மெஷின் பிடித்த கை. ஆனால் விரல் சுத்தம். அம்மா தன் கையை அங்கே போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். வேலையை விட்டு எத்தனை வருடம் ஆனபிறகும் அந்தக் கறை போகவில்லை அண்ணே, ஆள்காட்டி விரலின் பிளவுக்குள் கறுப்புக் கோடு கோடாக, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாத கோடு. அந்தம்மா தன் விரலை எடுத்து, திரையில் அம்மாவின் விரல் இருந்த இடத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவர்கள் எங்கள் இருவரிடமும் மெஷினைப் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள், எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான். போனை அந்தம்மா வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு பக்கம், உங்கள் மச்சான் ஒரு பக்கம். முதல் அடியிலேயே சாய்ந்துவிட்டது. "மருமகன மெதுவா நடக்கச் சொல்லு!" என்று போனுக்குள்ளிருந்து அம்மா கத்துகிறாள். அவர் நின்று என் காலைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எனக்குத்தான் தெரியும். பத்து அடி நடந்தோம். பத்தே அடி.

"உங்கப்பா ஒரு நாளும் என் மலைக்கு வந்ததில்ல" என்றாள் அம்மா. கவ்வாத்துக்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலைக்கு, போகிறவர் கொழுந்து மலைக்கு எப்படி வருவார்? ஆனால் அதைச் சொன்ன விதம். குறையாகச் சொல்லவில்லை, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போலச் சொன்னாள். சொல்லி முடித்ததும் இருமினாள்.

இதைத்தான் நான் உங்களிடம் ஒரு வருடமாகச் சொல்லவில்லை. அந்த இருமல் நாங்கள் புறப்படுவதற்கு நான்கு நாள் முந்தியே இருந்தது. கிளம்புகிற அன்று காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "உங்கண்ணனுக்குச் சொல்லாத, டிக்கெட் வீணாப் போயிரும்" என்றாள். ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வராது, தேதி தாண்டியிருக்கும் என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். அன்றைக்கு ராத்திரி கட்டுநாயக்கவில் இருக்கும்போது நீங்கள் அழைத்து, அம்மா எப்படி என்று கேட்டீர்கள். நல்லா இருக்கு என்றேன். அந்தப் பொய் என்னுடையது. அம்மா சொல்லச் சொன்னதால் மட்டும் சொல்லவில்லை. எனக்குப் போக வேண்டும் போல இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து பத்தொன்பது நாள். நாங்கள் போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். நேராகப் பதில் சொல்லவில்லை. வந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அங்கே நடந்ததை எழுத மாட்டேன். மழை விடாமல் பெய்த அந்தப் பத்தொன்பது நாளும் நான் அந்த வாங்கில்தான் தூங்கினேன். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மருந்து கொடுத்ததும், குளிக்க வார்த்ததும், ராத்திரி பிடித்துக்கொண்டு போனதும் யார்? நீங்கள் காசு அனுப்பினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஆனால் இருமலைக் காசால் கேட்க முடியாது அண்ணே. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பேசியவருக்கு, நான் பத்து நாள் போனதைக் கணக்குப் பார்க்க எப்படி மனசு வந்தது?

இதை எழுதிவிட்டு அழித்தேன், திரும்பவும் எழுதியிருக்கிறேன். இருக்கட்டும். டோஹாவில் வெயிலில் நின்றது நீங்கள்தான். அம்மா மூச்சு விடும்போது பக்கத்தில் இல்லாதது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. பந்தலில் கத்தியது அதுதான் என்றும் எனக்குத் தெரியும்.

அங்கே வாங்கிய தேயிலையை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். அவித்துக் காயவைக்கிறது, நம்முடையது போலப் புளிக்க விடுவதில்லை. "கீரை அவிச்ச தண்ணி" என்றாள். இரண்டு கோப்பை குடித்தாள்.

இரண்டு விரலும் திரையில் சேர்ந்திருக்கிற படம் உங்கள் மச்சானிடம் இருக்கிறது. அதை இங்கே போடவில்லை, உங்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு டிக்.

அம்மாவின் பாஸ்போர்ட்டும் என்னிடம்தான் இருக்கிறது. உடுப்புப் பெட்டியை ஒதுக்கும்போது எடுத்தேன். ஒரு பக்கத்திலும் சீல் இல்லை, 2028 வரை செல்லும். சித்தி ஆற்றில் விடச் சொல்கிறார். நீங்கள் எடுத்துக் கொடுத்த புத்தகம், நீங்கள் சொல்லாமல் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பூசை.

உங்கள் தங்கச்சி