பதவி நீக்கம் வேறு, கட்சி நீக்கம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சீன அமைச்சர் யார் பதவியிழந்தாலும் 'ஊழல் களையெடுப்பு' என்றே தலைப்பிடுகிறோம். சின் காங்கையும் லி ஷாங்ஃபுவையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

இருவரும் 2023இல் பதவியிழந்தவர்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த லி, லஞ்சக் குற்றச்சாட்டில் 2024 ஜூனில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். வெளியுறவு அமைச்சர் பதவியில் ஏழு மாதம்கூட நீடிக்காத சின்னோ, கட்சியின் மத்தியக் குழுவிலிருந்து விலக விடுத்த கோரிக்கை 2024 ஜூலையில் ஏற்கப்பட்டது, அவ்வளவுதான். அவர்மீது ஊழல் குற்றச்சாட்டு எதுவும் அப்போது அறிவிக்கப்படவில்லை.

உண்மையில் சிக்கியவர்களுக்கு வழி வேறு. பொதுநிகழ்ச்சிகளில் முகம் தென்படாது. கட்சியின் ஒழுங்கு ஆய்வு ஆணையம் ஒற்றை வரியில் அறிவிக்கும். பிறகு வழக்கறிஞர் அணுக முடியாத தடுப்புக்காவல். 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மூன்று மாதம், நீட்டித்தால் ஆறு என்று வகுத்தது. வழக்கமாகக் கட்சியிலிருந்து நீக்கிய பிறகே நீதிமன்றம். கட்சியின் பெருந்தலைவர்களில் ஒருவரான போ சிலாய் 2012 மார்ச்சில் சோங்சிங் மாநகரக் கட்சிச் செயலாளர் பதவியை இழந்தார், செப்டம்பரில் கட்சியிலிருந்து நீக்கம், ஆயுள் தண்டனை வந்ததோ 2013 செப்டம்பரில்! தீர்ப்பு நாளைவிட கட்சி நீக்க நாளே பெரிய செய்தி. அதைத்தான் உள்பக்க மூலையில் போடுகிறோம்.

தங்கள் வாசகர்,
மதுரை