நேர்க்கோட்டில் கோணம் எங்கே?

காட்பாடி

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

“கோடு நேராகத்தானே இருக்கிறது, இதில் கோணம் எங்கே இருக்கிறது?” என்று பாப்பா கேட்டாளாம். “180 டிகிரி என்று எழுதிவிட்டுப் போ” என்று நீ அதட்டினாயாம். அம்மா சொன்னாள். அதற்காகப் பாப்பாவைக் கடிந்துகொள்ளாதே. கணக்கு வாத்தியாராக இருந்த காலமெல்லாம் யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி அது. பெரும்பாலான பிள்ளைகள் வாய் திறக்காமல் 180 என்று மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள்.

கி.மு. 300 வாக்கில் வடிவியலைத் தொகுத்து எழுதிய யூக்ளிட்டும் நேர்க்கோட்டைக் கோணமாக ஏற்கவில்லை. இரண்டு கோடுகள் சந்திக்க வேண்டும், அவை ஒரே நேர்க்கோட்டில் அமையவும் கூடாது. அவற்றுக்கு இடையே உள்ள சாய்வே கோணம் என்று வரையறுத்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் என்ன வரும் என்று சொல்லும் இடத்தில்கூட அவர் எழுதியது “இரண்டு செங்கோணங்கள்” என்றுதான், ஒரு நேர்க்கோணம் (180 டிகிரி) என்று அல்ல. பாப்பாவும் சாய்வைத்தான் தேடியிருக்கிறாள். அவளுக்கு நீ காட்டவேண்டியது திரும்புதலை. ஒரு புள்ளியில் நின்று எவ்வளவு திரும்பினோம் என்பதன் அளவே கோணம் என்று எடுத்துக்கொண்டால் அவள் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நீ தினமும் கல்லூரிக்குப் போய்வந்த பாலாற்றுப் பாலத்தை நினைத்துக்கொள். நடுப் பாலத்தில் வேலூரைப் பார்த்து நில். வலப்பக்கமாகத் திரும்பி, ஆம்பூர்ப் பக்கமிருந்து ஆறு வரும் திசையைப் பார்த்தால் 90 டிகிரி. இன்னும் அதே அளவு திரும்பினால் எதிரே காட்பாடி, மொத்தம் 180. இடப்பக்கமாக, ஆற்காட்டுத் திசை வழியாகத் திரும்பி வந்தாலும் அதே 180தான். மற்ற கோணங்களில் இப்படி அமையாது. ஒரு பக்கம் 70 என்றால் மறுபக்கமாகச் சுற்றிவர 290 ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவு வருவது நேர்க்கோணத்தில்தான். பாலம் நேராகக் கிடக்கிறது, திரும்பியது நீ. இதை அவளை வீட்டுக் கூடத்தில் நிற்கவைத்தே செய்துகாட்டலாம்.

அவள் நோட்டுப் படத்தை அனுப்பியிருந்தாயே, அதில் வெறும் கோடுதான் இருக்கிறது. கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்கவேண்டும், அதுதான் முனை. அங்கிருந்து இரண்டு கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. புள்ளியைச் சுற்றி அரைவட்டமாக ஒரு வளைவுக் குறியும் போடச் சொல். இவை இரண்டும் இல்லாமல் கோட்டை மட்டும் போட்டுக் கோணத்தைக் கண்டுபிடி என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் புரியும்?

பிறகு ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துக்கொள். அதில் எண்கள் இரண்டு வரிசையாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளுவார்கள். 70 என்று எழுதவேண்டிய இடத்தில் 110 என்று எழுதுவார்கள். ஒரு கோட்டில் இருக்கும் இரண்டு எண்களையும் கூட்டிப் பார்க்கச் சொல். 70க்கு ஜோடி 110, 45க்கு 135, 90க்கு 90. எங்கே தொட்டாலும் 180. கோணமானியின் அடிக்கோடு ஒரு நேர்க்கோணம். நடுவிலிருந்து கிளம்பும் எந்தக் கதிரும் அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வரிசை இந்தப் பக்கத்துத் துண்டு, இன்னொரு வரிசை அந்தப் பக்கத்துத் துண்டு. நேரிய கோண இணை என்று பாடத்தில் வருவது இதுதான். இதற்கும், கூட்டினால் 180 வரும் மிகைநிரப்புக் கோணங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 70 ஒரு பக்கத்திலும் 110 வேறொரு பக்கத்திலும் கிடந்தாலும் அவை மிகைநிரப்பிகளே. நேரிய இணை ஆகவேண்டுமானால் ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்கள் ஏன் சமம் என்பதும் இதிலிருந்தே வந்துவிடும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கோணம் 40 என்றால் பக்கத்துக் கோணம் 140. அந்த 140ஐ வைத்துக்கொண்டு அடுத்த கோட்டைப் பார்த்தால் எதிரே மறுபடி 40தான் வந்தாக வேண்டும்.

ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் தொடும்படி அவளை ஒட்டவைக்கச் சொல். வெட்டாமல் கையால் கிழிக்கட்டும். அப்போதுதான் எது மூலை, எது கிழிந்த ஓரம் என்று தெரியும். மூன்றும் சேர்ந்து அடியில் நேர்க்கோடாக நிற்கும். இது நிரூபணம் ஆகாது, அதைப் பிறகு படிப்பாள். ஆனால் கண்ணால் பார்த்தவள் மறக்கமாட்டாள்.

கடைசியாக ஒரு கணக்கு. சரியாக 6 மணிக்குக் கடிகார முட்கள் நேர்க்கோணத்தில் நிற்கும். 12.30க்கும் அப்படித்தானா என்று அவளிடம் கேள். அவசரத்தில் ஆமாம் என்பாள். அரை மணி நேரத்தில் சின்ன முள்ளும் 15 டிகிரி நகர்ந்திருக்கும், ஆகவே 165. விடையை நீ சொல்லிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவளே என்னிடம் சொல்லட்டும்.

அன்புடன்,
அப்பா