கோடிக் காணியை விட்டுவிட்டு, சின்னம்மாவின் வட்டியில் ஏன் கைவைக்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கொக்குவிலில் சின்னதாக ஒரு கொப்பி, பேனைக் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன கிழமை சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய்வந்த பிறகு எழுதாமல் இருக்க மனம் விடவில்லை. பெரிய சொத்து வைத்திருப்பவரிடம் அந்தச் சொத்தின் பெறுமதிக்கு வருடா வருடம் எடுக்கும் செல்வ வரி ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

சின்னம்மா 32 வருடம் படிப்பித்தவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையோடு சீட்டுக் காசையும் சேர்த்து 15 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். எட்டு வீதம் என்று பார்த்தால் வருடத்துக்கு 120,000 ரூபா வட்டி. அன்று புத்தகத்தைப் பதிந்து வாங்கியதும் கதிரையில் இருந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு வரியாக விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இதிலை என்னவோ குறைச்சுக் கிடக்கு" என்றார். பிடித்துவைத்தல் வரிதான், வட்டியைத் தருவதற்கு முன்னர் வங்கியே கழித்து அரசுக்குக் கட்டுவது. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து வட்டிக்கு 5 வீதமாக இருந்தது 10 வீதமாகிவிட்டது. வருடத்துக்கு 6,000 போனது இப்போது 12,000 போகிறது.

கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாக விளக்கினார். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுக்கலாம், கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள், ஆனால் அதற்கு வரி செலுத்துநர் இலக்கம் வேண்டும். சின்னம்மாவிடம் அது இல்லை. ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பி எடுப்பதென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிசி தன்னுடைய காசைத் திருப்பி எடுக்க எத்தனை வாசல் ஏறுவது? சட்டத்தில் விலக்கு இருக்கிறது, உண்மை. அது படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு இருக்கும் விலக்கு. தெரியாதவரிடம் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவரைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வரும் ஒழுங்கையில் ஆறு பரப்புக் காணி ஒன்று கிடக்கிறது. பெரிய மாடி வீடு, சுற்றி மதில், கேற்றில் பூட்டு துருப்பிடித்துப் போயிருக்கிறது, மாம்பழம் விழுந்து அழுகி இலையான் மொய்க்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். இந்தப் பக்கத்தில் காணி என்ன விலை போகிறது என்று யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆறு பரப்பும் வீடும் என்றால் கோடிக் கணக்கு. அந்தச் சொத்து வருடா வருடம் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அவர் கட்டுவது உள்ளூராட்சி சபையின் சோலைவரி மட்டும். மத்திய அரசுக்கு வருடாந்தம் ஒரு சதமும் இல்லை. விற்கும்போதாவது வரட்டும் என்றால், காணி உறுதி எழுதும்போது விலையைக் குறைத்துப் போடுகிற பழக்கம் நமக்குள் இருப்பதை நாமே ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்தியிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது. உள்ளவனிடம் எடுக்க வேண்டும், இல்லாதவனை விட வேண்டும் என்பதைக் காலங்காலமாக மேடையில் சொல்லி வளர்ந்த இயக்கம் அது. உணவு, மருந்து, கல்விப் பொருட்கள் மீதான வற் வரியை, அதாவது பெறுமதி சேர் வரியை, நீக்குவோம் என்று 2024 தேர்தலுக்கு முன்னர் சொன்னார்கள். அதை நம்பித்தான் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனங்களை நாங்கள் கொடுத்தோம். தெற்கில் வளர்ந்த ஒரு கட்சிக்கு இங்கே இப்படி வாக்கு விழும் என்று முன்னொரு காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள்.

செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். மாதம் ஒரு இலட்சமாக இருந்த வருமான வரி எல்லையை ஒன்றரை இலட்சமாக உயர்த்தினார்கள். சாராயம், சிகரெட், சூதாட்டக் கம்பனிகளின் வரியை 40 இலிருந்து 45 வீதம் ஆக்கினார்கள். உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற் வரியை நீக்கினார்கள். சரி, நல்லது. ஆனால் 2024 ஜனவரியில் 18 வீதமாக ஏறிய வற் வரி அந்த 18 இலேயே நிற்கிறது. காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் அந்த வருடம்தான் வற் வரி புதிதாக வந்து சேர்ந்தது, அதுவும் அப்படியே. சிலிண்டர் வாங்கும்போது கூலி வேலைக்குப் போகிறவரும் அதே 18 வீதம், பத்து வீட்டுக்குச் சொந்தக்காரரும் அதே 18 வீதம்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் இன்னொன்றையும் அறிவித்தார்கள். வற் வரிக்குப் பதிய வேண்டிய வருட விற்பனை எல்லையை 60 மில்லியனிலிருந்து 36 மில்லியனுக்கு இறக்குவது. 36 மில்லியன் என்றால் பெரிய தொகை போலக் கேட்கும், நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு இலட்சம் ரூபா வியாபாரம் செய்கிற பலசரக்குக் கடை அதற்குள் வந்துவிடும். ஒரு இலட்சத்துக்கு விற்றால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது கடை வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். கடைக்காரன் வரி கட்டக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தேடித் தேடிக் கீழே வருகிறவர்கள் மேலே ஏன் போகிறார்கள் இல்லை என்றுதான் கேட்கிறேன்.

மேலே போவதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்படிக்கையிலேயே நாடு தழுவிய ஆதன வரியும், கொடைக்கும் முதுசத்துக்குமான வரியும் 2025 இல் கொண்டுவருவதாக இருந்தது. பின்னர் அதே ரணில் விக்கிரமசிங்க ஆட்சிக் காலத்திலேயே அது வீட்டு வாடகையைக் கணித்துப் போடும் வரியாக மாறியது. அதாவது உங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் எவ்வளவு வருமோ அதை வருமானமாகக் கணக்கெடுப்பது. சனத்துக்கு அது விளங்கவில்லை, பயந்தார்கள். ஆட்சி மாறிய பிறகு 2025 ஏப்ரலில் அது வரவில்லை. அதை விட்டதில் எனக்குக் கவலை இல்லை. அதை விட்ட அதே மாதத்தில் வட்டியில் பிடிப்பதை இரட்டிப்பாக்கியதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

இது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1958 இல் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் வந்து அறிக்கை கொடுத்து, அடுத்த வருடமே எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசு செல்வ வரி, செலவு வரி, கொடை வரி மூன்றையும் கொண்டுவந்தது. பிறகு வந்த அரசாங்கங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கணினி இல்லாத காலத்தில் எழுதிய சட்டத்தை இன்றைக்கு எழுத முடியாதா?

பணக்காரரிடம் வரி போட்டால் காசோடு வெளியே போய்விடுவார்கள் என்று ஒரு கதை எப்போதும் வரும். காணி எங்கே போகும்? கோடிக் கணக்கில் பெறுமதியான ஆறு பரப்பைச் சுருட்டி விமானத்தில் ஏற்ற முடியாது. சொந்தக்காரர் எந்த நாட்டில் இருந்தாலும் சொத்து இங்கேதான் கிடக்கிறது. அதனால்தான் செல்வ வரியைக் காணியிலும் வீட்டிலும் தொடங்கலாம் என்கிறேன்.

எங்கள் சனத்தின் பயம் வேறு, அதைக் கொழும்பில் இருந்து பார்த்தால் விளங்காது. காணிக் கணக்கு என்று அரசாங்கம் வாய் திறந்தாலே இங்கே வயிறு கலங்கும். 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானியில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல் குறிப்பிட்டு, உரிமை கோராவிட்டால் அரச காணி ஆகும் என்று போட்டார்களே, பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தில். உறுதியைத் தொலைத்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பவர்கள் எல்லாம் எவ்வளவு தவித்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது நின்றது. அந்தக் காயம் ஆறுவதற்குள் சொத்துக்கு வரி என்றால், காணியைப் பிடிக்க இன்னொரு வழி என்றுதான் நினைப்பார்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் இன்னும் விடாத காணி இருக்கிறது, அதன் சொந்தக்காரரிடம் வரி கேட்டால் அதைவிடப் பெரிய அநியாயம் வேறு இல்லை.

புருசன் இல்லாமல், சீதனமாக வந்த வீட்டில் இருந்துகொண்டு, தோட்டக் கூலிக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் எங்கள் ஊரில்! காணியின் விலை ஏறியதற்கு அவர்கள் காரணம் இல்லை, அந்த விலை அவர்கள் கைக்கு வரப்போவதும் இல்லை. ஆகவே குடியிருக்கிற ஒரு வீடு விலக்கு என்று சட்டத்திலேயே எழுத வேண்டும், எல்லையும் உயரத்தில் இருக்க வேண்டும், வரி கட்டத் தவறினால் காணியைப் பறிக்கும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கக்கூடாது. சுற்றறிக்கையில் போட்டால் அடுத்த அமைச்சர் மாற்றிவிடுவார்.

யாழ்ப்பாணத்தின் மூன்று ஆளும் கட்சி உறுப்பினர்களிடமும் உங்கள் பத்திரிகை மூலமாக இதைக் கேட்கிறேன். செல்வ வரி பற்றி உங்கள் கட்சியின் நிலைப்பாடு இப்போது என்ன? கொண்டுவருவீர்களா, எப்போது, எந்தத் தொகைக்கு மேல்? கொண்டுவரமாட்டோம் என்றால் அதையாவது பாராளுமன்றத்தில் எழுந்து சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். அது முடியும்வரை 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் சிறிய வைப்புகளில் வட்டி வரியைப் பிடித்துவிட்டுத் திருப்பிக் கேட்கச் சொல்லும் முறையை நிறுத்துங்கள். வைப்புத் தொகையைப் பார்த்தாலே வங்கிக்குத் தெரியும், படிவம் தேவையில்லை.

வரும் திங்கட்கிழமை சின்னம்மாவை இலக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றைக்குக் கடை பூட்டு.

இப்படிக்கு,
கொப்பிக் கடைக்காரர் ஒருவர்,
கொக்குவில்.