ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்கு

குடிநோய் உள்ள வீட்டுப் பிள்ளைகள் கூடிப் பேசும் எங்கள் அலட்டீன் குழுவின் பிள்ளைகளுக்கும், கூடவே நின்ற எல்லோருக்கும்,

சித்திரையில் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. என் கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார், இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருக்கிறார், நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மனசு நிறைந்திருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடுராத்திரி வண்டியை எடுத்த மாடி வீட்டு அண்ணன், கேட்காமலேயே வளையலைக் கழற்றிக் கொடுத்த என் நாத்தனார், மருத்துவமனை வராந்தாவில் என்னோடு மாறி மாறி உட்கார்ந்திருந்த, குடிநோயாளிகளின் குடும்பத்தார் கூடும் அல்-அனான் குழு அக்காமார், மகன் பரீட்சைக்குப் படிக்கத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்த டீச்சர், உங்கள் எல்லோருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கு நேரில் சொல்லிவிட்டேன். ஒரு பையனுக்கு மட்டும் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

குடிநோய் உள்ள வீட்டில் எல்லாருடைய பேச்சும் குடிக்கிறவரைப் பற்றியே இருக்கும். எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், ஈரல் எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா. மூலையில் நிற்கும் பதினைந்து வயசுப் பிள்ளையிடம் "நீ எப்படிப்பா இருக்கே" என்று யாரும் கேட்பதில்லை. என் மகன் வாசலில் பைக்குக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே அப்பா எந்த நிலையில் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவான். கூடப் படிக்கிற ஒருத்தனையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. கேட்டால், "அவனுங்களுக்கு வேலை இருக்கும்மா" என்பான்.

கூட்டத்துக்கு வரச் சொன்னால் வருவான், ஆனால் உள்ளே போகமாட்டான். நாங்கள் ஒரு வகுப்பறையில், பிள்ளைகள் பக்கத்து வகுப்பறையில், இவன் மட்டும் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஒரு கால் ஊன்றி நிற்பான். வாராவாரம் இதே கதைதான். அன்றைக்கு அவன் சைக்கிள் செயின் கழன்று கார்டுக்குள் சிக்கிக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து காலேஜ் பையன் ஒருத்தன் வந்தான். பெயர் கேட்கவில்லை, ஏன் வெளியே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியை விட்டுச் செயினை நெம்பி எடுத்தான். "பெடலைப் பின்னாடி சுத்து தம்பி" என்றான். இவன் சுற்றினான். பல்லில் ஏறியது, திரும்பக் கழன்றது, மறுபடியும் சுற்றினார்கள். ரெண்டு பேர் கையும் கரிய மை. எழுந்து பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள சோப்பு இருக்கு, டீயும் இருக்கு."

கை கழுவப் போன என் மகன் கூட்டம் முடியும்வரை வெளியே வரவில்லை.

தம்பி, நீ அதை மறந்திருப்பாய். உன் வீட்டுக் கதை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம், அங்கே கேட்டது அங்கேயே இருக்கட்டும் என்பதுதானே நம் வழக்கம். ஆனால் அன்றைக்கு நீ அறிவுரை சொல்லியிருந்தால் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். அறிவுரையை அவன் நிறையக் கேட்டுவிட்டான்.

1957-ல் கலிஃபோர்னியாவில் பதினேழு வயசுப் பையன் ஒருவன் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியதுதான் அலட்டீன் என்று அப்புறம் அக்கா ஒருவர் சொன்னார். கூட்டத்தில் பொறுப்பாளர்களாகப் பெரியவர்கள் இருந்தாலும் பேசுவதும் நடத்துவதும் பிள்ளைகள்தான். "இதற்கு நான் காரணமில்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் சொன்னால்தான் அது உள்ளே இறங்குகிறது. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், இறங்கவில்லை. தான் நல்ல மார்க் வாங்கினால் அப்பா நிறுத்திவிடுவார் என்று அவன் ஆறாம் வகுப்பிலிருந்து நம்பிக்கொண்டிருந்தது அந்த அறையில்தான் வெளியே வந்தது.

சாமி விஷயமும் சொல்ல வேண்டும். "கும்பிட்டு என்ன ஆச்சு, அவர் நிறுத்தினாரா" என்று கேட்டு அவன் கோயில் பக்கம் வருவதையே விட்டிருந்தான். குழுவில் யாரும் அவனைக் கும்பிடச் சொல்லவில்லை. நம்மிலும் மேலான ஒரு சக்தி, அதை அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தொழுகிற பிள்ளையும் இருக்கிறது, ஜெபமாலை வைத்திருக்கிற பிள்ளையும் இருக்கிறது, இந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் எனக்குச் சாமி என்று சொன்ன பிள்ளையும் இருக்கிறது. போன வாரம் தெருமுனைப் பிள்ளையாரிடம் என் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றான். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. "அப்பாவை மாத்துன்னு கேக்கலம்மா, எனக்குத் தைரியம் கொடுன்னு கேட்டேன்" என்று அவனாகவே சொன்னான்.

இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து சைக்கிள் நிற்கிறது. சத்தம் தாங்க முடியவில்லை, தாராளமாகப் போடட்டும்.

பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக வேண்டுமென்றால் அல்-அனானில் குறைந்தது இரண்டு வருஷம் இருந்திருக்க வேண்டுமாம். இருப்பேன். என் மகன் இருக்கும் குழு வேண்டாம், அவன் மனம்விட்டுப் பேச வேண்டும், வேறு எந்தக் குழு என்றாலும் வருகிறேன். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய பாலும் டீத்தூளும் என் பொறுப்பு, கூடக் குழாயடிக்கு ஒரு சோப்பும்.

ஒரு பையனின் அம்மா