அந்த இசைத்தட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய படிப்பகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் எடுத்த முடிவைப் பற்றி எழுதுகிறேன். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடி அறையில் நம் பையன்கள் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் கேட்டார்கள். கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் புகார் சொன்னார். மறுநாள் அறைக்குப் பூட்டு விழுந்தது. அதோடு நின்றிருந்தால் நேரில் வந்து பேசியிருப்பேன். ஆனால் படிப்பகத்துக்குப் பெரியவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன எல்லாத் தட்டுகளையும் ‘பழுதானவை’ என்று பதிவேட்டில் எழுதி, பழைய சாமான் கடைக்குப் போடுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். அதனால்தான் ஊரே படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

அந்தத் தட்டு பழுதானது இல்லை. அது கேபரே வோல்டேர் என்ற இங்கிலாந்துக் குழுவின் ‘தி லிவிங் லெஜண்ட்ஸ்’ என்கிற தொகுப்பு. 1990-ல் வெளிவந்தது. எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்தில், 1973-ல், கிறிஸ் வாட்சன், ரிச்சர்ட் கிர்க், ஸ்டீபன் மாலிண்டர் என்ற மூன்று இளைஞர்கள் வாட்சன் வீட்டு மச்சில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தொடங்கிய குழு அது. வாட்சன் டெலிபோன் இன்ஜினியர். டேப்பை வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்பச் சுழல விட்டார்கள். கித்தாரையும் குரலையும்கூட மின்கருவிகளுக்குள் விட்டு வேறு ஒலியாக்கினார்கள். 1978-லிருந்து 1981 வரை லண்டனின் ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டு நிறுவனம் மூலமாகத் தனித்தனிச் சின்னத் தட்டுகளாக வந்தவற்றைப் பிறகு ஒன்றாகக் கோத்ததுதான் இந்தத் தொகுப்பு. ஒரு குழு தன் வழியைத் தேடிக் கண்டுபிடித்த காலம் முழுவதும் ஒரே உறைக்குள் இருக்கிறது. பையன்கள் அன்று போட்டது 1979-ல் வந்த ‘நேக் நேக் நேக்’ (Nag Nag Nag) என்ற பாட்டு. அதில் கேட்ட கரகரப்பு ஊசியின் கோளாறு அல்ல, அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவர்கள் செய்தது.

நான் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். தேயிலையை நொறுக்கிச் சுருட்டும் சி.டி.சி ரோலரின் பல் மழுங்கினால், பேரிங் தேய்ந்தால், முதலில் எனக்குச் சொல்வது சத்தம்தான். அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரிச் சங்கை வைத்து நேரம் பார்த்த ஊர் நம்முடையது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ரயில் ஏறும் சத்தம் நமக்குப் புதிதா? 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரி அடங்கிப்போனபோது எத்தனை குடும்பங்களுக்கு அந்த மௌனம் வயிற்றில் விழுந்தது என்று உங்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். மெஷின் சத்தத்தில் வாழ்ந்தவர்கள் அதையே இசையாக்கினார்கள் என்றால், அதைக் காது கொடுத்துக் கேட்க வேறு எந்த ஊரைவிடவும் நமக்கு உரிமை இருக்கிறது. அந்த வெடிமருந்து ஃபேக்டரியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த பெரியவருக்கு அந்தத் தட்டு ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது.

இப்போது அவை எங்கே இருக்கின்றன என்று போய்ப் பார்த்தீர்களா? தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், சுண்ணாம்பு மூட்டைக்கு மேல். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டை உலராது, சுவர் வியர்க்கும், பெட்டிக்குள் வைத்த செருப்பில்கூடப் பூசணம் பூக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அட்டை உறைகளின் ஓரத்தில் வெள்ளை படிந்திருக்கிறது. முதலில் உறை நைந்துபோகும். அப்புறம் பூசணம் தட்டின் வரிகளுக்குள் இறங்கும். அதனால் வரும் கரகரப்பு யாரும் வேண்டிச் செய்ததாக இருக்காது. அப்போது ‘பழுதானவை’ என்று நீங்கள் எழுதியது உண்மையாகிவிடும். இந்த மழையில் நனைய விட்டுவிட்டு, அதையே காரணம் காட்டி விற்பது நியாயமில்லை. தயவுசெய்து அவற்றை எடைக்குப் போடாதீர்கள், மாடி அலமாரிக்கே கொண்டுவாருங்கள்.

இதை நினைக்கும்போது வேறொன்றும் சேர்ந்து வருகிறது. சீசன் வந்தால் ராத்திரி முழுக்க ரிசார்ட்டுகளில் ஸ்பீக்கர் அலறுகிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது, கொண்டையூசி வளைவெல்லாம் ஹாரன். அதற்கு எந்தக் குழுவும் தீர்மானம் போட்டதில்லை. பணம் கொடுத்துப் போகிறவர்களின் சத்தத்தைச் சகித்துக்கொள்கிறோம். நம் பிள்ளைகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதைச் சகிக்க முடியவில்லை. அவர்கள் போக இந்த ஊரில் வேறு இடம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ் வாட்சன் 1981-ல் குழுவை விட்டு விலகி, பிறகு டேவிட் அட்டன்பரோவின் இயற்கைத் தொடர்களுக்குப் பறவைகளையும் விலங்குகளையும் ஒலிப்பதிவு செய்தார். இரைச்சலைக் கூர்ந்து கேட்டுப் பழகிய காதுதான் அது. குழு நடத்தும் பறவை நடைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சோலையில் நீலகிரிச் சிரிப்பானின் குரலைக் காட்டுகிறீர்கள், ரொம்ப நல்ல காரியம். அதே பிள்ளைகள்தான் அன்று மாடியிலும் இருந்தார்கள்.

கோபத்தில் எழுதியதில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். பதிவேட்டில் ‘பழுதானவை’ என்பதை அடித்துவிட்டு, தட்டுகளை எடைக்குப் போடும் முடிவை ரத்து செய்யுங்கள். பெரிய மழை பிடிக்கும் முன் அவற்றை மாடிக்கு மாற்றி, பூட்டைத் திறந்துவிடுங்கள். உறைகளைத் துடைத்து உலர்த்துவதும் பிளேயருக்கு பெல்ட் மாற்றுவதும் என் பொறுப்பு, செலவும் என்னுடையது. பேப்பர் படிப்பவர்களுக்குத் தொந்தரவு இல்லாதபடி, ஞாயிறு படிப்பகம் மூடிய பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, என்னையும் பேச அழைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கொட்டகைச் சாவியை மட்டும் கூட்டம் வரை காத்திருக்காமல் நாளைக்கே கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
படிப்பக உறுப்பினர் ஒருவர்