ஒரு கோடு சிக்னலோட எவ்வளவு காலம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஏ9 வீதியில மாங்குளம் சந்தியில நிண்டா போன்ல சிக்னல் நல்லா வருது, ஆனா முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் எங்கட காட்டோரக் கிராமத்துக்குள்ள ஒரு கோடுதான், மழை வந்தா அதுவும் இல்லை. 2020ல கொரோனாவால பள்ளிக்கூடம் பூட்டி பாடமெல்லாம் வட்ஸ்அப்ல வந்த நேரம் என்ர மகள் குளக்கட்டில ஏறி நிண்டுதான் படிச்சவள், நினைச்சா இப்பவும் நெஞ்சு பொறுக்குதில்லை.

போன் ரவர் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்காம பிரதேச சபையும் கூட்டுறவுச் சங்கமும் சனசமூக நிலையமும் ஒண்டாச் சேந்து வாசிகசாலையில ஒரு வைஃபையும் ரெண்டு கொம்பியூட்டரும் போடலாம்தானே, கரண்ட் நிண்டா சோலார் இருக்கு. ஏஎல் சோதினை எழுதி முடிச்சிட்டு இருக்கிற பிள்ளையளுக்குச் சின்னக் கொடுப்பனவு குடுத்தா வயசானவைக்கு இன்ரநெற்றில ஃபோம் நிரப்பக் காட்டிக் குடுப்பினம். இப்ப அந்த ஒரு ஃபோமுக்கு பஸ் ஏறி ரவுணுக்குப் போக வேண்டிக் கிடக்கு.

ஒரு தாய்,
ஒட்டுசுட்டான்.