ஒரே கஷ்டம் உள்ளவர்கள் கூடிப் பேச ஓர் இடம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு நாள். ஐ.நா. பொதுச்சபை 1987-இல் அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் அன்று பிள்ளைகள் வரிசையில் நின்று, கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். இந்த ஆண்டும் எடுப்பார்கள். அந்த வரிசையில், முந்தின இரவு அப்பா குடித்துவிட்டுப் போட்ட சத்தத்தில் தூங்காமல் வந்த பிள்ளையும் நிற்கிறது. மாத்திரைக்கு அடிமையான அண்ணன் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி மட்டும் போதாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுகொள்வது லேசல்ல. சிலர் படிப்பில் பின்தங்குவார்கள், அது எங்கள் கண்ணில் பட்டுவிடும். சிலரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுப்பாடம் முடிந்திருக்கும், தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிக் கூட்டி வந்திருப்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்புக் கொடுத்தால் மட்டும் "அப்பாவுக்கு வேலை இருக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்ற பதில் தயாராக இருக்கும். சிநேகிதர்களை வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். பள்ளி விட்டதும், வாசலில் யார் நிற்கிறார்கள், எந்த நிலையில் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே காலெடுத்து வைப்பார்கள்.

வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று இவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பெரியவர்களைப் பார்த்தே பழகிக்கொள்கிறார்கள். பெரியவர்களையும் குறை சொல்வதற்கில்லை. வாயைத் திறந்தால் "நீ ஒழுங்காக இருந்தால் அவன் ஏன் குடிக்கப் போகிறான்" என்று மனைவியைக் கேட்கும் சொந்தபந்தம்தான் சுற்றிலும் இருக்கிறது. மகன் போதையில் விழுந்தால் வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைச் சொல்கிறார்கள். போதை அடிமைத்தனம் மூளையின் செயல்பாட்டையே மாற்றும் ஒரு நோய் என்று மருத்துவம் சொல்லிப் பல காலமாகிறது. திருந்தியவர் மறுபடி விழுவதும் அந்த நோயின் போக்கில் உள்ளதுதான். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் வரை மறுபடி பழக்கத்துக்குத் திரும்புவதுண்டு. ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை விட்டு அவதிப்படுவதும் ஏறக்குறைய இதே அளவில்தான். இதைத் தெரிந்துகொண்டால், மறுபடி குடித்த நாளில் "எல்லாம் வீண்" என்று வீடு இடிந்துபோகாது.

இந்த வேதனையில் மருத்துவர், ஆலோசகர் சொல்லாத ஒன்றை, அதே வழியில் நடந்து வந்தவர் சொல்ல முடியும். 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள நினைத்த இருவர் ஒருவருக்கொருவர் துணையாகப் பேசியதில்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடியிலிருந்து மீள்வோரின் குழு பிறந்தது. குடிப்பவரின் குடும்பத்துக்கும் இப்படி ஒரு துணை வேண்டும் என்று 1951-இல் அல்-அனான் வந்தது. பெற்றோர் இந்தக் குழுக்களில் இருந்த ஒரு பதின்ம வயதுப் பையன், என் வயதுக்காரர்களுக்கும் வேண்டும் என்று 1957-இல் தொடங்கியது அலட்டீன். அங்கே சொல்லிக்கொடுக்கும் மூன்று விஷயங்களை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்: இது உன்னால் வந்ததல்ல, இதை உன்னால் கட்டுப்படுத்த முடியாது, உன்னால் குணப்படுத்தவும் முடியாது. நான் நல்ல மார்க் எடுத்தால் அப்பா குடிப்பதை விட்டுவிடுவார் என்று ராப்பகலாகப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன இருக்கிறது?

அதனால் நம் பள்ளியில் இப்படிக் கூடிப் பேச இரண்டு வட்டங்களைத் தொடங்குகிறோம். மாதத்தின் 2-வது, 4-வது சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலக அறையில் பெற்றோர் வட்டம், அதே நேரத்தில் இசை அறையில் 8-ஆம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர் வட்டம். பெற்றோர் வட்டத்தை நடத்துபவர், மகனின் போதைப் பழக்கத்தோடு பல ஆண்டுகள் போராடிய ஒரு தாய். அனுபவப்பட்டவர் சொல்லும் சின்னச் சின்ன விஷயங்களுக்கு அங்கே இடம் உண்டு: குடிப்பவர் போதையில் இருக்கும்போது வாதாடாமல் காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுவது, அவருக்காக அலுவலகத்துக்குப் பொய் சொல்லாமல் இருப்பது, வீட்டில் அடி விழும் நிலை வந்தால் பிள்ளைகளோடு எங்கே போவது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது.

மாணவர் வட்டத்தில் ஆலோசகர் எப்போதும் உடன் இருப்பார். வழிநடத்தப் பெரியவர் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்தால், ஒருவர் பழக்கம் மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து உண்டு. தானே போதையைத் தொட்டுவிட்ட மாணவருக்குத் தனியாக மருத்துவ உதவி ஏற்பாடு செய்வோம். உதவி கேட்டு வந்ததற்காக யாரையும் பள்ளியை விட்டு நீக்க மாட்டோம்.

வட்டத்தில் பேசுவது வட்டத்தோடு நிற்கும். வருகைப் பதிவேடு கிடையாது. ஆனால் ஒரு பிள்ளை அடிபடுகிறது, அல்லது தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கிறது என்று தெரிந்தால் சும்மா இருக்க மாட்டோம். அந்தப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்வோம்.

ஒரு எச்சரிக்கை. வட்டம் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. பல காலமாக அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று அவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், அன்றே மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.

மாணவர் வட்டத்துக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரின் கையெழுத்து போதும். பாட்டி, மாமா, சித்தி யாராக இருந்தாலும் சரி. கையெழுத்து வாங்கவே பயப்படும் பிள்ளை, அது இல்லாமலே ஆலோசகரை நேரில் பார்க்கலாம். பெற்றோர் வட்டத்துக்குப் படிவம் எதுவும் வேண்டாம். குடிப்பவர் வர மறுத்தால் அவருக்காகக் காத்திருக்காமல் நீங்கள் மட்டும் வாருங்கள். முதல் நாள் பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனாலும் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்